இந்த வருடம் என்ன எழுதப்போகிறீர்கள்? ஜனவரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் எழுத்துக் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறது. ஜனவரிக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு சடங்கு உண்டு. ஆளுக்கு ஓர் ஐம்பது காசு அஞ்சலட்டை கொடுப்போம். அந்த வருடம் என்ன எழுதப்போகிறோம் என்பதை அதில் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். டிசம்பரில் டப்பா திறக்கப்படும். ஒன்பது வருடமாக இது நடக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், ஒவ்வொரு முறையும் டீ ஆறும்வரை பேசுவதற்குப் பதிலாக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி ஒன்றாம் தேதிதான் தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் தேதிக்கு ஒரு பலம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள், புத்தாண்டு போன்ற நாள்களை ஒட்டி மனிதர்கள் புதிய முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது. பழைய தோல்விகளெல்லாம் 'போன வருடத்து ஆள்' செய்தவை என்று மனம் கணக்கை முடித்துவிடுகிறது போலும்.

இந்த விஷயத்தில் தமிழருக்கு வசதி அதிகம். ஜனவரி 1 கைவிட்டால் பதினைந்து நாளில் தைப் பொங்கல். அதுவும் போனால் ஏப்ரல் நடுவில் சித்திரை முதல் நாள். மூன்றும் தவறினால் விஜயதசமி இருக்கிறது. குழந்தைகளை அரிசியில் எழுதவைக்கும் நாளில் நாமும் எழுதத் தொடங்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் ஐந்து வருடம் ஜனவரியில் தோற்றுவிட்டு, ஒரு விஜயதசமியன்று தொடங்கிய கட்டுரைத் தொடரை முடித்துவிட்டார். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு நாள் எழுத முடியாமல் போனதுதான் தமக்கு எழுத்தின் மேல் பசியை உண்டாக்கியது என்பார். நம்புகிறேன்.

நல்ல இலக்கு எப்படி இருக்க வேண்டும்?

டப்பாவில் கிடந்த அட்டைகளைப் பார்த்தே சொல்கிறேன். ஓர் அட்டையில் 'இந்த வருடம் நிறைய எழுத வேண்டும்' என்று இருந்தது. டிசம்பரில் அதை எழுதியவரிடம் நிறைவேறியதா என்று கேட்டோம். அவருக்கே தெரியவில்லை. 'நிறைய' என்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

இன்னோர் அட்டை: 'என் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டு ஒரு விருது வாங்குவேன்.' இதில் இரண்டு வேலைகள் அவர் கையில் இல்லை. வெளியிடுவது பதிப்பாளர் கையில் இருக்கிறது. விருது யார் கையில் என்பது விருதுக் குழுவினருக்கே சில சமயம் தெரியாது. கதைகளை எழுதுவது ஒன்றுதான் அவருடையது, அது அட்டையில் இல்லை.

மூன்றாவது அட்டையை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அப்படியே தருகிறேன்:

'திங்கள் முதல் வெள்ளி வரை. காலை 5.20 முதல் 6 மணி வரை. அடுக்களை மேசை. பால்காரர் மணி அடித்ததும் நோட்டைத் திறப்பேன். பாட்டியின் ஊரைப் பற்றி மட்டும். கதையா கட்டுரையா என்பதை மார்ச்சில் யோசிப்பேன்.'

அந்த வருடம் அவர் மூன்று நோட்டுகளை நிரப்பினார். அட்டையில் எங்கேயும் 'நாவல்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாள், நேரம், இடம், தொடங்குவதற்கான அடையாளம் எல்லாம் இருக்கின்றன. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து இதையே ஆராய்ந்து வந்தார். 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே 'செய்வேன்' என்று தீர்மானிப்பவர்களைவிட அதிகம் செய்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆசிரியைக்குக் கோல்விட்சரைத் தெரியாது. பால்காரரைத் தெரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் எழுதலாம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் 1,667 என்ற எண் ஒளிந்திருக்கும். 1999இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர் இருபது சொச்சம் நண்பர்களுடன் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவலை எழுதி முடிப்பதுதான் பந்தயம். 'நானோரைமோ' என்ற பெயரில் நவம்பர் தோறும் உலகம் முழுவதும் அது பரவியது. அதை நடத்திவந்த நிறுவனம் 2025இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது, எண் மட்டும் இன்னும் உலவுகிறது. 50,000த்தை முப்பது நாளால் வகுத்தால் 1,667.

தமிழில் எழுதுபவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் முதுகு ஒடியும். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்பவை. 'அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது' என்பது மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொல்லாவது ஆகும். ஆங்கிலக்காரர் ஆறு படி ஏறிய இடத்துக்கு நாம் மூன்று படியில் போய்விடுகிறோம். ஆனால் எண்ணுகிற கருவி படிகளைத்தான் எண்ணும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே வாக்கியத்தை 'அவனிடம் சொல்லிக் கொண்டிருக்க வேண்டி இருந்தது' என்று பிரித்து எழுதினால் ஐந்து சொல்லாகிவிடும். எழுத்து ஒன்றுதான், இடைவெளிப் பட்டையைத் தட்டியதற்கு இரண்டு சொல் கூலி. எங்கள் குழுவில் ஒருவர் மாதக் கடைசியில் கணக்கு குறைந்தால் துணைவினைகளையெல்லாம் பிரித்துவிடுவார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுத்துகளை எண்ணலாமே என்றால் அதுவும் ஏமாற்றும். 'தமிழ்' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. கணினி பல மென்பொருள்களில் ஐந்து என்று காட்டும். இகரக் கொக்கியையும் புள்ளியையும் அது தனித்தனிக் குறியாக எண்ணுகிறது.

ஆகவே தமிழுக்கு நான் சொல்லும் அளவு பக்கம். கையால் எழுதினால் நோட்டின் ஒரு பக்கம், தட்டச்சு செய்தால் ஒரே எழுத்துரு, ஒரே அளவு வைத்து ஒரு பக்கம். சொல்லில்தான் வேண்டும் என்றால் நாளுக்கு 150 போதும். கேட்பவர்கள் 'அவ்வளவுதானா?' என்று முகத்தைச் சுருக்குவார்கள். 150ஐ 365ஆல் பெருக்கினால் 54,750. பந்தயக்காரர்கள் ஒரு மாதத்தில் எழுதியதைவிடச் சற்று அதிகம், அதுவும் தமிழ்ச் சொற்களில். வீட்டில் யாருடைய தூக்கமும் கெட்டிருக்காது.

பக்கக் கணக்கா, நேரக் கணக்கா?

முதல் வரைவுக்குப் பக்கம். திருத்தத்துக்கு நேரம். திருத்தும்போது நல்ல நாளில் பக்கங்கள் குறையும், அதற்கு அபராதம் போடக் கூடாது.

இலக்கை எழுதிவைத்தாலே பாதி நிறைவேறியது போல என்கிறார்களே? ஏதோ ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூட இருக்கிறதாம்.

அந்தக் கதையை நானும் இரண்டு பயிலரங்குகளில் கேட்டிருக்கிறேன். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதத்தினர் மட்டும் தங்கள் இலக்குகளை எழுதிவைத்திருந்தார்களாம், இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதத்தினரும் சேர்ந்து சேர்த்ததைவிட அதிகச் சொத்து அந்த 3 சதவீதத்தினரிடம் இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வு நடந்ததே இல்லை. 1990களில் ஒரு அமெரிக்க இதழ் அதன் வேரைத் தேடிப் போய் வெறுங்கையுடன் திரும்பியது. பேச்சாளரிடமிருந்து பேச்சாளருக்குத் தாவி வளர்ந்த கதை அது.

எழுதிவைப்பது நல்லதுதான். டிசம்பரில் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்ள முடியாமல் போகிறது என்ற ஒரே காரணம் போதும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று சாதிக்க முடியாதபடி நம் கையெழுத்தே எதிரில் நிற்கும்.

எல்லோரிடமும் அறிவித்துவிட்டால், வெட்கத்துக்காகவாவது எழுதமாட்டோமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

முதல் மூன்று வருடங்கள் எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அட்டையை உரக்கப் படிப்போம், மற்றவர்கள் கைதட்டுவார்கள். மூன்றாவது வருடம் நான் எழுந்து, தாமிரபரணிக் கரையில் நூறு வருடம் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையை 400 பக்க நாவலாக எழுதப்போகிறேன் என்று அறிவித்தேன். பலத்த கைதட்டல். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்கள் குழுவிலும் போட்டேன். அத்தை ஒருவர் அழைத்து, "உங்க தாத்தா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்று கண் கலங்கினார். மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் என்னை 'எழுத்தாளரே' என்று அழைத்தார். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது.

அந்த வருடம் நான் எழுதியது பதினொரு பக்கம். அதில் நான்கு பக்கம் முன்னுரை.

ஏன் இப்படி ஆயிற்று என்பது பிறகு தற்செயலாகப் படித்தபோது விளங்கியது. முன்பு சொன்ன அதே கோல்விட்சர் 2009இல் சக ஆய்வாளர்களுடன் சட்ட மாணவர்களை வைத்துச் சில சோதனைகள் செய்தார். நல்ல வழக்கறிஞர் ஆவதற்காக இன்னின்ன முயற்சிகள் எடுப்பேன் என்று அவர்கள் தெரிவித்தார்கள். தங்கள் உறுதியை இன்னொருவர் கவனித்து ஏற்றுக்கொண்டதாக உணர்ந்த மாணவர்கள், யாருமே கவனிக்காதவர்களைவிடக் குறைவாகவே முயன்றார்கள். 'ஆகிவிட்டோம்' என்ற நினைப்பில் ஒரு பங்கு, பிறர் அங்கீகரித்த மாத்திரத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். எல்லா இலக்குக்கும் இது பொருந்துமா என்பது வேறு விஷயம். 'நான் இன்னார்' என்ற அடையாளம் சம்பந்தப்பட்ட இலக்குகளில்தான் இந்தப் பள்ளம் இருக்கிறது. எழுத்தாளர் என்ற பட்டத்தைவிட ஆசை காட்டும் அடையாளம் வேறு எது? என் அத்தையின் கண்ணீரிலேயே நான் நாவலை முடித்துவிட்டேன். பிறகு எழுத என்ன மிச்சம் இருந்தது?

வெட்கம் வேலை செய்யும் என்பதும் நடைமுறையில் பொய்த்தது. பிப்ரவரிக்குப் பிறகு ஒருவர்கூட என்னிடம் நாவலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் பாடு. கேட்காதவர்கள் முன்னால் எதற்கு வெட்கப்படுவது?

ஊரறிய அறிவித்துவிட்டுச் சாதித்தவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். கண்ணெதிரே இருப்பவர் ஜெயமோகன். மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 2014 ஜனவரி 1 அன்று 'வெண்முரசு' முதல் அத்தியாயத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட்டார். 2020 ஜூலையில் 26 நாவல்களாக அது முடிந்தது. புத்தாண்டு எழுத்து இலக்கு என்று தமிழில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அறிவிப்பு வந்த நாளில் அவருக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேலான எழுத்து இருந்தது. பழக்கம் முதலில் வந்தது, பிரகடனம் பிறகு. அடுத்து, அவர் வாசகர்களிடம் ஒப்படைத்தது நாள்தோறும் ஓர் அத்தியாயம். வாழ்த்துச் சொல்ல ஒரு நாள் போதும், அத்தியாயத்தை வாசிக்க மறுநாளும் வந்துதான் ஆக வேண்டும். வராத அத்தியாயம் உடனே தெரிந்துவிடும். அந்தக் காலத்து வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளும் இப்படித்தான் எழுதப்பட்டன. பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு அச்சகத்தில் காத்திருப்பவரைவிடக் கண்டிப்பான வாசகர் உண்டா?

அப்படியானால் யாரிடம் சொல்லலாம்?

ஒருவரிடம், மிஞ்சினால் இருவரிடம். 'ஆஹா' என்று சொல்பவராக இல்லாமல் 'எங்கே?' என்று கேட்பவராக அவர் இருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிராலப் அஞ்சல் துறையில் பல வருடம் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று தமக்குத் தாமே கூலி நிர்ணயித்திருந்தார். பலரும் இந்தக் கடிகாரத்தை வியந்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய குதிரைக்காரர். அந்த முதியவருக்கு வருடம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்து, தம்மை எழுப்பிக் காபி தரும் வேலையை ஒப்படைத்திருந்தார். ஒரு நாள்கூட அவர் தாமதித்ததில்லையாம். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாவல் எதைப் பற்றியது என்று அந்த முதியவர் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை. எழுந்தாரா இல்லையா என்பதுதான் அவர் கவலை.

எங்கள் சடங்கை நான்காவது வருடத்திலிருந்து மாற்றிவிட்டோம். அட்டையை உரக்கப் படிப்பதில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு பேராகப் பிரிகிறோம். உங்கள் அட்டையில் இருப்பது உங்கள் கூட்டாளிக்கு மட்டும் தெரியும்.

கணவர் அல்லது மனைவி கூட்டாளியாக இருக்கலாமா?

கூடாது. 'இன்று எழுதவில்லையா?' என்று அவர் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், கேட்காவிட்டால் வருத்தம் வரும். ஆனால் நீங்கள் எந்த நேரத்தில் எழுதுவீர்கள் என்பது மட்டும் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இலக்கை ரகசியமாக வைக்கலாம், நேரத்தை ரகசியமாக வைத்தால் அந்த நேரத்தில்தான் எரிவாயு சிலிண்டர் மாற்றச் சொல்வார்கள்.

பெண்களுக்கு இந்த நேரம் தானாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில் ஆண்களின் அட்டைகளில் 'இரவு 9 முதல் 10 வரை' என்று சாதாரணமாக இருக்கும். பெண்களின் அட்டைகளில் 'குக்கர் மூன்றாவது விசில் வரை', 'டியூஷன் வாசலில் காத்திருக்கும்போது' என்றுதான் பார்த்திருக்கிறேன். இது இலக்கு நிர்ணயிப்பதில் உள்ள கோளாறு இல்லை. வீட்டில் உள்ள கோளாறு, அதை அங்கேதான் சரிசெய்ய வேண்டும்.

கூட்டாளிக்கு என்ன அனுப்ப வேண்டும்?

ஞாயிறு இரவு ஒரு குறுஞ்செய்தி. எத்தனை நாள், எத்தனை பக்கம், தவறியிருந்தால் காரணம் ஒரு வரி. போன வருடம் என் கூட்டாளி அனுப்பியவற்றில் சில:

'4 நாள், 6 பக்கம். புதன், வியாழன் இல்லை. மாமியாருக்கு ஆஸ்பத்திரி.'

'5 நாள், 3 பக்கம். ஒரே பத்தியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.'

'0. காரணமும் இல்லை.'

இந்தக் கடைசிச் செய்திக்கு நான் அனுப்பிய பதில் 'சரி, அடுத்த ஞாயிறு' என்பது மட்டுமே. ஆறுதலும் அறிவுரையும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் விதி. ஆறுதல் சொல்லத் தொடங்கினால் அதற்காகவே பூஜ்யம் அனுப்பத் தோன்றும். மனித மனம் அவ்வளவு சாமர்த்தியமானது.

21 நாள் தொடர்ந்து எழுதினால் பழக்கமாகிவிடுமா?

அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடமிருந்து வந்தது. மாறிய தோற்றத்துக்கு நோயாளிகள் பழக 'குறைந்தது' சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் செய்து 2010இல் அச்சில் வந்த ஆய்வின்படி, ஒரு செயல் தன்னிச்சையாக வரத் தொடங்க நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் கணக்கு மாறி, 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. அதிலும் அவர்கள் பார்த்தவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற எளிய செயல்கள். அத்தியாயம் எழுதுவது அவ்வளவு எளிதில் கைக்குப் பழகாது. ஜனவரியில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை ஒவ்வொரு நாளும் உங்களை நீங்களே இழுத்துக்கொண்டு போய்த்தான் மேசையில் உட்காரவைக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பாருங்கள்.

நடுவில் மூன்று வாரம் விட்டுப்போயிற்று. எல்லாம் வீணா?

அதே லண்டன் ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மூன்று வாரம் என்பது வேறு. அதற்கு ஒரே மருந்துதான் எனக்குத் தெரியும்: விட்டுப்போன பக்கங்களைத் தள்ளுபடி செய்துவிடுவது. இருபது பக்கம் பாக்கி என்று நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தவர்கள் யாரும் திரும்பி வந்து எழுதி நான் பார்த்ததில்லை. வட்டி கட்ட முடியாதவர் கடைத்தெருப் பக்கமே போகமாட்டார்.

வருடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

தமிழ்நாட்டு வீடு எப்படி ஓடுகிறதோ அப்படி. ஜனவரியில் பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள், விருந்தினர் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு எழுதினால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். மார்ச் மாதம் வங்கியிலும் கணக்குப் பிரிவிலும் இருப்பவர்களுக்கு இல்லாத மாதம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் அப்படித்தான். மே மாதத்தை ஆசிரியர்கள் சேமித்துவைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய இடையூறு இல்லாத நீண்ட பாதை, முதல் வரைவை அங்கே வைத்துக்கொள்வது நல்லது.

புத்தகமாக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியால் தமிழ்ப் பதிப்புலகின் வருடம் பொங்கலை ஒட்டித்தான் சுழல்கிறது. அதற்குள் நூல் வர வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால் வடிவமைப்பாளர், மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வரைபவர் எல்லோரிடமும் நவம்பர், டிசம்பரில் வரிசை நிற்கும். டிசம்பரில் பிரதியைக் கொடுத்துவிட்டு ஜனவரியில் நூல் கேட்பவரின் புத்தகத்தில்தான் 73ஆம் பக்கம் இரண்டு முறை வரும். எனக்கு வந்தது. பிரதி ஆகஸ்ட், செப்டம்பரில் கையை விட்டுப் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் எழுத்து வருடம் பன்னிரண்டு மாதம் கிடையாது, எட்டு மாதம்தான்.

எழுத எழுத, பகுதிகளைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

கவிதைக்காரர்கள் போடாமல் இருக்க மாட்டார்கள், அவர்களிடம் பேசிப் பயனில்லை. கதை எழுதுபவர்கள் யோசிக்க வேண்டும். பல இதழ்களும் போட்டிகளும் 'வேறெங்கும் வெளியாகாதது' என்று உறுதிமொழி கேட்கின்றன. முகநூலில் போட்டதும் வெளியானதுதான் என்று கொள்பவர்கள் உண்டு. பாதிக் கதைக்கு வரும் பாராட்டு மீதிக் கதையை அந்தப் பாராட்டின் பக்கமாக வளைத்துவிடும் என்பது இன்னொரு தொல்லை.

போனில் எழுதுவது கணக்கில் சேருமா?

சேரும். பஸ்ஸில் நின்றபடி போனில் ஒரு தொகுப்பையே எழுதியவர் எங்கள் குழுவில் இருக்கிறார். குரல்வழித் தட்டச்சு மட்டும் பழக்கமில்லாதவரை ஏமாற்றும். பேச்சு வழக்கு அப்படியே வந்து விழும், அதை எழுத்து நடைக்கு மாற்ற முதல் வரைவுக்கான நேரம் இன்னொரு மடங்கு ஆகும்.

இலக்கே வேண்டாம், தோன்றும்போது எழுதுகிறேன் என்றால்?

தாராளமாக. வர்ஜீனியா வுல்ஃப் 1931 ஜனவரி தொடக்கத்தில் தம் டைரியில் அடுத்த மூன்று மாதத்துக்கான தீர்மானங்களை எழுதினார். முதல் தீர்மானமே தீர்மானம் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே பட்டியலில் சற்றுக் கீழே, கையில் இருந்த 'அலைகள்' நாவலை நன்றாக முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அது அதே வருடம் அக்டோபரில் வெளிவந்தது. மூன்று மாதம் என்ற தவணையைக் கவனித்தீர்களா? பன்னிரண்டு மாதம் பயமுறுத்துகிறது என்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறேன்: மார்ச் வரைக்கும் ஓர் அட்டை, பிறகு வேறோர் அட்டை. ஐம்பது காசுதான்.

நிறைவேறாத அட்டைகளை என்ன செய்கிறீர்கள்?

எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அவர் விரும்பினால் பழைய வருடத்தை அடித்துவிட்டுப் புது வருடத்தை எழுதி அதே அட்டையை மறுபடி போடலாம். நான்கு வருடங்கள் அடிக்கப்பட்ட ஓர் அட்டை டப்பாவில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், தம் தடத்தில் ஏறி இறங்கியவர்களைப் பற்றி எழுதுகிறார். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் அந்த வருடம் எழுதி முடித்த நிறுத்தத்தின் பெயர் இருக்கும். கடைசியாக வள்ளியூர் வந்திருக்கிறார்.

உங்கள் 400 பக்க நாவல் என்னவாயிற்று? இந்த வருடம் உங்கள் அட்டையில் என்ன இருக்கிறது?

முன்னுரையைக் கிழித்துவிட்டேன். மீதி ஏழு பக்கத்திலிருந்து ஒரு சிறுகதை கிடைத்தது, அது அச்சிலும் வந்தது. இந்த வருடத்து அட்டையைச் சீட்டுக் குலுக்கலில் எனக்குக் கிடைத்த கூட்டாளியிடம் காட்டியாகிவிட்டது. வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "முதல் ஞாயிறு எப்போது?"